முதுகை யாரும் படம் எடுக்கவில்லை: ஃப்ரீடா காலோவின் வாழ்க்கை

சில வருடங்களுக்கு முன்னர் என் மச்சான் ஒருவர் தென்னை மரத்திலிருந்து விழுந்தார். காலூன்றித்தான் விழுந்தார். குதிகால் உடைந்து வீங்கிவிட்டது. அக்கம்பக்கத்தார் அவரைத் தூக்கி, முச்சக்கரவண்டியில் மடக்கி உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே காலை எக்ஸ்ரே எடுத்தார்கள், பிளாஸ்டர் போட்டார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். முதுகு நோகிறது என்று அவர் சொன்னதை, விழுந்த நோவு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். நானும்தான். ஒன்றரை மாதம் கழித்து, குனிய முடியாமல் போனபோதுதான் முதுகைப் படம் எடுத்தார்கள். நாரியில் ஒரு முள்ளென்பு நசிந்திருந்தது. அதற்கு வெகு மேலே, நெஞ்சுக்குப் பின்புறமாக, இன்னொன்றும் நசிந்திருந்தது. இரண்டுக்கும் இடையில் இருந்தவை எல்லாம் நல்லபடியாக இருந்தன.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். கழுத்தில் 7, நெஞ்சறையில் 12, நாரியில் 5, ஒன்றாய் ஒட்டிய திருவென்பில் 5, குயிலலகில் 4, ஆக மொத்தம் 33 முள்ளென்புகள் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். அப்படியிருந்தும், உயரத்திலிருந்து குதிகாலில் விழுந்தவனின் முதுகையும் பார்க்க வேண்டும் என்பதோ, முதுகில் ஓரிடத்தில் உடைந்திருந்தால் தூரத்தில் இன்னோரிடத்திலும் உடைந்திருக்கலாம் என்பதோ எனக்குத் தோன்றவில்லை. அந்த மனக்குறையோடு இதைப் பற்றித் தேடித் தேடி வாசித்தபோது எதிர்ப்பட்ட பெயர்தான் ஃப்ரீடா காலோ.

மெக்ஸிகோ நாட்டின் ஓவியர். உலகம் முழுவதும் அவருடைய முகம் தெரியும். பைகளிலும் கோப்பைகளிலும் கூட அச்சடித்து விற்கிறார்கள். அவருடைய அரசியலும் வாழ்க்கை முறையும் நமது வாசகர்களில் பலருக்கு ஒத்துவராதவை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஓவியத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதியும் இல்லை. அவருடைய முதுகைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஒரு முள்ளந்தண்டு பல இடங்களில் முறிந்து, அது உரிய நேரத்தில் கண்டுபிடிக்கப்படாமல் போனால் ஒரு மனிதருக்கு என்னவெல்லாம் நடக்கும் என்பதை இவ்வளவு விபரமாகக் காட்டுகிற இன்னொரு வாழ்க்கையை நான் வாசித்ததில்லை.

ஃப்ரீடா 1907ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் திகதி, மெக்ஸிகோ சிட்டியை அடுத்த கொயோவாகான் என்ற ஊரில் பிறந்தார். தந்தை கியெர்மோ காலோ ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய புகைப்படக்காரர். அவருக்கு வலிப்பு நோய் இருந்தது. தெருவில் படம் எடுக்கப் போன இடத்தில் வலிப்பு வந்தால், பக்கத்தில் நின்று அவரையும் அவருடைய கெமராவையும் பார்த்துக்கொள்ளும் வேலை சின்ன வயதிலேயே ஃப்ரீடாவுக்கு வந்துவிட்டது. ஆறு வயதில் போலியோ தாக்கியது. மாதக்கணக்கில் படுக்கை. எழுந்தபோது வலது கால் சூம்பிப் போயிருந்தது. மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். தந்தை விடவில்லை. அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் செய்யாத நீச்சல், பந்தாட்டம், மல்யுத்தம் எல்லாவற்றையும் செய்யவைத்து அந்தக் காலைப் பழக்கினார்.

1922இல் நாட்டின் முதன்மையான ஆயத்தப் பாடசாலையில் இடம் கிடைத்தது. சுமார் 2000 மாணவர்களில் 35 பேர்தான் பெண்கள். அந்த 35 பேரில் ஒருத்தியான ஃப்ரீடாவின் எண்ணம் வைத்தியராவது. ஓவியம் அப்போது அவருடைய கனவே அல்ல. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

1925 செப்டெம்பர் 17. ஃப்ரீடாவுக்கு வயது 18. அலெஹாந்த்ரோ என்ற பாடசாலைத் தோழரோடு நகரத்திலிருந்து வீடு திரும்ப பஸ் ஏறினார். முதலில் ஏறிய பஸ்ஸிலிருந்து, தொலைந்த குடை ஒன்றைத் தேடுவதற்காக இறங்கிவிட்டு, அடுத்து வந்த பஸ்ஸில் ஏறினார்கள் என்று சொல்லப்படுகிறது. மரத்தால் கட்டிய பஸ். வழியில் ஒரு டிராம் வண்டி அதன் விலாவில் மோதியது. வேகமாக அல்ல, மெதுவாகத்தான். ஆனால் நிற்காமல் தள்ளிக்கொண்டே போனதில் பஸ் வளைந்து வளைந்து கடைசியில் வெடித்துச் சிதறியது. சிலர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். பஸ்ஸின் இரும்புக் கைப்பிடிக் கம்பி ஒன்று ஃப்ரீடாவின் இடுப்புப் பகுதியைத் துளைத்து மறுபக்கம் வந்திருந்தது. பயணி ஒருவர் வைத்திருந்த தங்கப் பொடிப் பொட்டலம் உடைந்து, இரத்தத்தோடு அந்தப் பொடியும் அவர் உடம்பில் அப்பியிருந்ததாம்.

அடுத்து நடந்தது நமக்கும் பழக்கமான காட்சி. பக்கத்தில் நின்ற ஒருவர் கம்பியைப் பிடுங்கத்தான் வேண்டும் என்று சொல்லி, முழங்காலை ஊன்றி இழுத்துப் பிடுங்கினார். அலெஹாந்த்ரோ அவரைத் தூக்கிக்கொண்டு போய் எதிரேயிருந்த பில்லியர்ட் கடையின் மேசையில் கிடத்தினார். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் இன்று முதலுதவி படித்த எவரும் இந்த இரண்டையும் செய்யமாட்டார்கள். குத்தியிருக்கும் பொருளே சில வேளை இரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கும். சத்திரசிகிச்சை அறைக்குப் போகும்வரை அதை அசைக்கக்கூடாது. முள்ளந்தண்டு முறிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஆளைத் தூக்கவே கூடாது. மரக்குற்றியை உருட்டுவது போல, தலை, தோள், இடுப்பு, கால் நான்கும் ஒரே கணத்தில் திரும்பும்படி நாலைந்து பேர் சேர்ந்து திருப்பி, தட்டையான பலகையில் வைக்கவேண்டும். நம் நாட்டில் இன்று 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அந்தப் பலகையோடு பயிற்சி பெற்றவர்கள் இலவசமாக வருகிறார்கள். ஆனாலும் நாம் முச்சக்கரவண்டியைத்தான் முதலில் கூப்பிடுகிறோம்.

செஞ்சிலுவைச் சங்க ஆஸ்பத்திரியில் ஃப்ரீடா பிழைப்பார் என்று வைத்தியர்கள் நம்பவில்லை. அலெஹாந்த்ரோ கெஞ்சித்தான் அவரைச் சத்திரசிகிச்சைக்கு எடுத்தார்கள் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. காறையென்பு முறிவு, இரண்டு விலா என்புகள் முறிவு, இடுப்பு வளையம் மூன்று இடங்களில் முறிவு, ஏற்கனவே சூம்பியிருந்த வலது காலில் 11 முறிவுகள், பாதம் நசுங்கல், வயிற்றைத் துளைத்த காயம். வைத்தியர்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். பெனிசிலின் இல்லாத காலம் அது. வயிற்றுக் காயம் சீழ் பிடித்தால் ஆள் போய்விடுவார். அவர்களுடைய கண்ணும் கையும் அந்தப் பயங்கரமான காயங்களிலேயே இருந்தன. உயிரைக் காப்பாற்றினார்கள். அது சின்ன விடயமல்ல.

ஒரு மாதம் பிளாஸ்டரில், பெட்டி போன்ற ஓர் அமைப்புக்குள், மல்லாந்து கிடந்தார். தாய் அதிர்ச்சியில் பேச்சற்றுப் போனார், தந்தை நோயில் விழுந்தார். நாளும் வந்து பார்த்தது மத்தில்டே என்ற சகோதரிதான். ஒக்டோபர் நடுப்பகுதியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது முதுகை யாரும் படம் எடுத்துப் பார்க்கவில்லை.

எக்ஸ்ரே அப்போது புதிய பொருளல்ல. ரொண்ட்ஜன் அதைக் கண்டுபிடித்தது 1895இல். முப்பது வருடங்கள் ஆகிவிட்டன. ஏன் பார்க்கவில்லை என்றால், பார்க்கத் தோன்றவில்லை. கால்களில் உணர்வு இருந்தது, அசைக்க முடிந்தது. சில மாதங்களில் எழுந்து நடக்கவும் செய்தார். நடக்கிற ஆளின் முதுகு முறிந்திருக்கும் என்று யார் நினைப்பார்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். முள்ளந்தண்டு வேறு, அதற்குள்ளே ஓடும் முண்ணாண் வேறு. என்பு முறிந்தும் முண்ணாண் தப்பியிருந்தால் கை கால் வழமை போல இயங்கும். உடைந்தது தெரியாமலேயே மனிதர் எழுந்து நடந்துவிடுவார். வாதம் வந்தால்தான் முதுகு முறிவு என்ற எண்ணம் நமது ஊர்களில் மட்டுமல்ல, உலகமெங்கும் இருந்தது. முறிந்த என்பு ஒழுங்காகப் பொருந்தாமல், வளைந்தபடி, விலகியபடி கூடிவிட்டால் அதன் கணக்கு பிறகுதான் வரும்.

ஃப்ரீடாவுக்கு ஒரு வருடத்துக்குள் வந்தது. 1926இல் முதுகு வலி தாங்க முடியாமல் போய், வேறொரு என்பு வைத்தியரிடம் காட்டியபோது மூன்று முள்ளென்புகள் இடம் விலகியிருப்பது தெரிந்தது. விபத்து நடந்து கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்குப் பிறகு! அதற்குப் பிறகும் படம் எடுப்பது, கட்டுப் போடுவது எல்லாவற்றுக்கும் காசு வேண்டியிருந்தது. தந்தையின் தொழில் நொடித்து, வீடு ஈட்டில் இருந்த நேரம். எடுக்கவேண்டிய பரிசோதனைகள் பணத்துக்காகத் தள்ளித் தள்ளிப் போயின.

முதுகில் எத்தனை இடம், எந்தெந்த இடம் என்பதிலேயே பின்னால் வந்த பதிவுகள் ஒத்துப்போவதில்லை. வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் நாரிப் பகுதியில் மூன்று இடம் என்கிறார்கள். 1946இல் ஒரு வைத்தியர் தொகுத்த நோய் வரலாற்றில் நாரியின் 3ஆம், 4ஆம் முள்ளென்புகள் என்று இருக்கிறது. விலகியது தோளா முழங்கையா என்பதிலும் இதே குழப்பம். முதல் நாளே முழு உடம்பையும் பார்த்து எழுதிவைத்திருந்தால் 20 வருடம் கழித்து இந்தக் குழப்பம் வந்திருக்குமா?

இன்று என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய விபத்தில் அடிபட்டவரை மேற்சொன்னபடி உருட்டித் திருப்பி, கழுத்திலிருந்து குயிலலகு வரை ஒவ்வொரு முள்ளென்பாக விரலால் அமுக்கிப் பார்க்கிறார்கள். ஓரிடத்தில் முறிவு கண்டால் அத்தோடு நிறுத்தாமல் முழு முள்ளந்தண்டையும் படம் எடுக்கவேண்டும் என்பது இப்போது விதி. காரணம் அனுபவம்தான். கழுத்து முறிந்தவர்களில் சுமார் பத்துப் பேருக்கு ஒருவருக்கு, அதனோடு தொடர்பில்லாத வேறொரு மட்டத்திலும் முறிவு இருக்கிறது. குதிகால் உடைந்து வருகிறவர்களிலும் ஏறக்குறைய அதே அளவானவர்களுக்கு முதுகிலும் முறிவு இருக்கும். விழுந்த விசை குதிகாலிலிருந்து ஏறி நாரியில்தான் போய் இறங்குகிறது. இதை நான் மச்சானுக்குப் பிறகு படித்தேன்.

இரண்டாவது முறிவு ஏன் தப்பிவிடுகிறது என்றால், ஒரு பெரிய நோவு இன்னொரு நோவை மூடிவிடும். அடிபட்டவர் மயக்கத்தில் இருந்தால் சொல்லவே மாட்டார். மேலே உள்ள முறிவு முண்ணாணை வெட்டியிருந்தால், கீழே உள்ள முறிவின் நோவை அவர் உணரவே மாட்டார். எல்லாவற்றையும் விட, ஒன்றைக் கண்டுபிடித்ததும் விடை கிடைத்துவிட்டது என்று மனம் ஓய்ந்துவிடுகிறது. கணக்கில் முதல் விடை வந்ததும் பேனையை மூடிவைக்கும் மாணவர்களை நாங்கள் தினமும் காண்கிறோம். வினாவில் இரண்டு விடை கேட்டிருக்கும்.

ஃப்ரீடாவிடம் திரும்புவோம். 1926க்குப் பிறகு பிளாஸ்டர் கவசங்கள் தொடங்கின. அக்குளிலிருந்து இடுப்பு வரை ஈரப் பிளாஸ்டரைச் சுற்றி, அது காயும்வரை அசையாமல் இருக்கவேண்டும். பல மாதங்கள் அப்படிப் படுக்கையில் கிடந்த மகளுக்காகத் தாய் தச்சனைக் கொண்டு, படுத்தபடியே வரையக்கூடிய ஒரு சட்டத்தைச் செய்வித்தார். கட்டிலின் மேற்கூரையில் கண்ணாடி ஒன்றைப் பொருத்தினார்கள். அறையில் பார்க்க வேறு முகம் இல்லாததால் தன் முகத்தையே வரைந்தார். முதல் சுய உருவப்படம் 1926இல் பிறந்தது. வைத்தியராகும் படிப்பு அத்தோடு முடிந்தது.

1929 ஓகஸ்ட்டில், தன்னை விட இருபது வயது மூத்த புகழ்பெற்ற சுவரோவியர் டியேகோ ரிவேராவைத் திருமணம் செய்தார். அந்தத் திருமணத்தின் கதையை எழுதப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன, எனக்கு அதில் வேலையில்லை. உடைந்து கூடிய இடுப்பு வளையத்தால் அவரால் ஒரு குழந்தையைச் சுமந்து பெற முடியவில்லை என்பதை மட்டும் சொல்லவேண்டும். 1932இல் அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரில், ஹென்றி ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் கரு கலைந்து, இரத்தம் போய்க் கிடந்தார். அந்தக் கட்டிலையும் வரைந்து வைத்தார்.

அவருடைய முதுகைப் பற்றி நிதானமாக யோசித்த ஒருவர் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த லியோ எலோஸர். நெஞ்சறைச் சத்திரசிகிச்சை நிபுணர். 1930இல் பழக்கமாகி, ஃப்ரீடா வாழ்நாள் முழுவதும் நம்பிக் கடிதம் எழுதிய வைத்தியர். முதுகில் பிறவியிலேயே ஒரு பக்க வளைவு இருக்கிறது, முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள மெத்தைத் தட்டு ஒன்று இல்லை என்று அவர் கண்டார். 1940இல் மெக்ஸிகோவில் சிலர் முதுகை வெட்டவேண்டும் என்று சொன்னபோது, அவரை சான் பிரான்சிஸ்கோவுக்கு அழைத்து, ஓய்வும் நல்ல சாப்பாடும் கொடுத்து, குடியை நிறுத்தச் சொல்லி, வெட்டாமல் அனுப்பினார். பின்னாளில் நடந்த சத்திரசிகிச்சைகளில் பெரும்பாலானவை தேவையற்றவை என்பதே அவருடைய கருத்து. எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது. வெட்டத் தெரிந்த ஒருவர் வெட்டவேண்டாம் என்று சொல்வது எளிதல்ல.

1943இல் ஃப்ரீடா ஓர் ஓவியப் பாடசாலையில் ஆசிரியையானார். கொஞ்ச மாதங்களிலேயே நகரத்துக்குப் போய்வர முதுகு விடவில்லை. வகுப்பை நிறுத்தாமல் மாணவர்களைக் கொயோவாகானில் இருந்த தன் நீல நிற வீட்டுக்கே வரச் சொன்னார். தூரம் என்று பலர் நின்றுவிட்டார்கள். நான்கு பேர் கடைசிவரை வந்தார்கள். ஆசிரியையின் பெயராலேயே அவர்களை ஊர் அழைத்தது. பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்கு எத்தனையோ கல்வியியலாளர்களைப் பற்றிச் சொல்லித் தந்தார்கள். படுக்கையிலிருந்து வகுப்பு நடத்திய இவரை யாரும் சொல்லவில்லை.

1944இல் உருக்குக் கவசம் பூட்டினார்கள். அதன் பிறகு சாகும்வரை மொத்தம் 28 கவசங்கள்: உருக்கில் ஒன்று, தோலில் மூன்று, மீதி பிளாஸ்டரில். அந்த வருடம்தான் உடைந்த தூண் என்ற படத்தை வரைந்தார். உடம்பின் நடுவே பிளவு, முள்ளந்தண்டு இருக்கவேண்டிய இடத்தில் பல இடங்களில் வெடித்த ஒரு கல்தூண், உடம்பெங்கும் ஆணிகள். வைத்தியத்துறையினர் கூட அந்தப் படத்தை எடுத்துக்காட்டிப் பேசுகிறார்கள். தூணில் ஒரு வெடிப்பல்ல, மேலிருந்து கீழ்வரை பல வெடிப்புகள். எக்ஸ்ரே காட்டத் தவறியதை அவர் தூரிகையால் காட்டினார் என்று எழுத ஆசைதான். அது மிகை. அவருக்கு நொந்தது, நொந்த இடங்களை வரைந்தார்.

1946 ஜூனில் நியூயோர்க்குக்குப் போனார். அங்கே பிலிப் வில்சன் என்ற பெயர்பெற்ற நிபுணர் சத்திரசிகிச்சை செய்தார். இடுப்பிலிருந்து எடுத்த என்புத் துண்டையும் சுமார் 15 சென்ரிமீற்றர் நீளமான உலோகக் கம்பியையும் வைத்து நான்கு நாரி முள்ளென்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்தார். முள்ளென்புகளை ஒட்டும் இந்த முறை அதே நியூயோர்க்கில் 1911இல் ஹிப்ஸ், ஆல்பீ என்ற இருவர் தனித்தனியாகத் தொடங்கியது. அசைவதால்தான் நோகிறது, ஆகவே அசைவை நிறுத்திவிட்டால் நோவு நிற்கும் என்பது அதன் அடிப்படை. நல்ல யோசனைதான். ஆனால் எந்த முள்ளென்புகளிலிருந்து நோவு வருகிறது என்பது சரியாகத் தெரிந்திருக்கவேண்டும். பல இடங்களில் பழுதான முதுகில் எதை ஒட்டுவது, எதை விடுவது? ஒட்டிய பகுதிக்கு மேலும் கீழும் உள்ளவை இரட்டைச் சுமையைத் தாங்கவேண்டி வரும் என்பது இன்னொரு சிக்கல்.

ஃப்ரீடாவின் நோவு குறையவில்லை, கூடியது. ஒட்டவேண்டிய முள்ளென்புகளை விட்டுவிட்டு வேறு முள்ளென்புகளை ஒட்டிவிட்டார்கள் என்று அவருக்கு நெருங்கிய சிலர் பின்னர் சொன்னார்கள். அது நிரூபிக்கப்பட்டதல்ல. ஒழுங்காக ஓய்வெடுக்காமல் அவரே கெடுத்துக்கொண்டார் என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். நிச்சயமாகத் தெரிந்தது, அதற்குப் பிறகு மோர்ஃபின் ஊசி இல்லாமல் அவரால் நாளைக் கடத்த முடியவில்லை என்பதுதான்.

இன்று இப்படிப்பட்ட முதுகு வந்தால் வைத்தியர்கள் ஒவ்வொரு முறிவையும் தனித்தனி வழக்காக விசாரிக்கிறார்கள். முன்பக்கம் மட்டும் நசிந்திருக்கிறதா, அல்லது என்பு வெடித்துச் சில்லுகள் பின்னால் முண்ணாண் இருக்கும் குழாய்க்குள் தள்ளியிருக்கிறதா, பின்புறத்து இணையங்கள் அறுந்திருக்கின்றனவா என்று சி.ரி. ஸ்கேனிலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் பார்க்கிறார்கள். சி.ரி. ஸ்கேன் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்பட்டது 1971இல்தான். ஃப்ரீடாவுக்கு அது கிடைக்க வழியில்லை. உறுதியாக நிற்கும் முறிவுக்கு வெளிக்கவசம் போதும். ஆனால் இடைக்கிடை படம் எடுத்து, வளைவு கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உறுதியற்றதற்குத் திருகாணிகளும் கம்பிகளும். ஒன்று உறுதியற்றது, தூரத்தில் உள்ள மற்றது உறுதியானது என்றால் ஒன்றுக்குச் சத்திரசிகிச்சை, மற்றதற்குக் கவசம். இரண்டுமே உறுதியற்றவை என்றால் இரண்டு குட்டைக் கம்பிகளா, இடையிலுள்ள நல்ல முள்ளென்புகளையும் சேர்த்து ஒரு நெட்டைக் கம்பியா என்ற கேள்வி வரும். நெட்டைக் கம்பி பலமானது. ஆனால் நல்ல முள்ளென்புகளின் அசைவையும் அது பறித்துவிடும். நிபுணர்கள் இதில் இன்னும் வாதாடுகிறார்கள். சின்ன முறிவு என்று ஒன்றைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், பெரியதைச் சரிப்படுத்தி நோயாளியை எழுப்பி உட்காரவைக்கும்போது சின்னது பெரியதாகிவிடும் என்பதில் மட்டும் வாதம் இல்லை.

1950 ஃப்ரீடாவுக்கு ஆஸ்பத்திரி வருடம். வலது பாத விரல்கள் அழுகத் தொடங்கின. முதுகில் மீண்டும் என்பு ஒட்டினார்கள். புண் சீழ் பிடித்தது. பிளாஸ்டர் கவசத்துக்குள்ளே சீழ் பிடித்தால் வெளியே தெரியாது, மணத்தால்தான் தெரியும். திறந்து பார்ப்பதும் கழுவுவதும் மறுபடி மூடுவதுமாக வருடத்தின் பெரும்பகுதி மெக்ஸிகோ சிட்டி ஆஸ்பத்திரியிலேயே போனது. ஹுவான் ஃபரில் என்ற வைத்தியர் ஏழு தடவை சத்திரசிகிச்சை செய்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் வரைந்தார். வீடு திரும்பியதும் ஃபரிலின் உருவத்தை வரைந்து, அதன் முன்னே சக்கர நாற்காலியில் தான் அமர்ந்திருக்கும் படத்தை 1951இல் முடித்தார். வாழ்நாளில் மொத்தம் 30க்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

1953 ஏப்ரலில் அவருடைய சொந்த நாட்டில் அவருக்கென்று முதலாவது தனிக் கண்காட்சி நடந்தது. கட்டிலை விட்டு எழும்பக் கூடாது என்று வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். அவர் எழும்பவில்லை. கட்டிலையே கண்காட்சி மண்டபத்துக்கு முன்கூட்டி அனுப்பிவிட்டு, அம்பியூலன்ஸில் வந்து, அதில் படுத்துக்கொண்டு விருந்தினரை வரவேற்றார். அந்த ஓகஸ்ட்டில் வலது காலை முழங்காலுக்குக் கீழே அகற்றினார்கள். ஆறு வயதில் சூம்பி, 18 வயதில் 11 இடங்களில் முறிந்த அதே கால். மறு வருடம், 1954 ஜூலை 13ஆம் திகதி, பிறந்த வீட்டிலேயே இறந்தார். 47 வயது முடிந்து ஒரு வாரம்.

நான் இதை மச்சானுக்கு ஒரு நாள் ஆறுதலாக இருந்து சொன்னேன். அவர் கவசத்தைக் கழற்றி ஆறு மாதமாகியிருந்தது. மேலே உள்ள முறிவு நேராகவே கூடியிருக்கிறது, கீழே உள்ளது கொஞ்சம் முன்னால் சரிந்தபடி கூடியிருக்கிறது. தொழுகையில் கதிரையில்தான் உட்காருகிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளை டொக்டராக வர இருந்தவளா என்று மட்டும் திரும்பக் கேட்டார்.

ஃப்ரீடா இறந்த பிறகு நீல வீட்டின் குளியலறை ஒன்றில் அவருடைய பொருட்களை வைத்துப் பூட்டச் சொன்னார் ரிவேரா. ரிவேரா 1957இல் இறந்தார். அறை 2004இல்தான் திறக்கப்பட்டது. உடுப்புகள், மருந்துப் போத்தல்கள், சிவப்புச் சப்பாத்து மாட்டிய செயற்கைக் கால், அவற்றோடு கவசங்கள். 2018இல் அவற்றை லண்டனில் கண்காட்சிக்கு வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட பிளாஸ்டர் கவசங்களில் சிலவற்றின் வெளிப்புறம் அவர் கையால் தீட்டிய வர்ணம். உட்புறம் வெறும் வெள்ளை.